அவள் சிரித்ததை யார் பார்த்தது?

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? போன மாதம் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஊருக்கெல்லாம் எழுதித் தள்ளுகிறவன் பேனாவில் தங்கைக்கு எழுத மட்டும் மை தீர்ந்துபோகிறது. போகட்டும். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட்டே ஆகவேண்டும். இதில் பாதியை உன் தங்கை எழுதுகிறாள், மீதியைப் பத்தாம் வகுப்பு ஆசிரியை எழுதுகிறாள்.

உன் 'மேசை' கதை புதுப் பாடநூலில் வந்திருக்கிறது. பாடநூல் குழுவில் நீயே உட்கார்ந்திருப்பதால் இது உனக்குச் செய்தி இல்லை. ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார், "உங்க அண்ணன் கதையாமே டீச்சர், அப்ப அந்தத் தங்கச்சி நீங்கதானா?" என்று கேட்டார். "டீ ஆறுது, குடிங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளுக்குக் கதை பிடித்துவிட்டது. ஒரு வீடு, ஒரே மேசை. அண்ணனும் தங்கையும் ஒரே வருடம் இறுதித் தேர்வு எழுதுகிறார்கள், அண்ணன் மஞ்சள்காமாலையில் ஒரு வருடம் படுத்துவிட்டதால். தங்கை தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மேசையை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறாள். கடைசி வரியைச் சத்தமாக வாசித்தேன்: "வாசலில் நின்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் வெளிச்சத்தில்தான் நான் படித்து முடித்தேன்."

அதன்பிறகு மையக்கருத்து. நான் அதை எப்படி நடத்துவேன் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். கதை எதைப் பற்றியது என்பது வேறு, கதை என்ன சொல்கிறது என்பது வேறு. 'நட்பு' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போனால் அது மையக்கருத்து ஆகாது. நட்பைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது? முழு வாக்கியமாகச் சொல்லவேண்டும். சொன்ன கையோடு புத்தகத்தில் ஒரு வரிமேல் விரலை வைத்துக் காட்டவேண்டும். விரல் வைக்க வரி இல்லாத கருத்து என் வகுப்பில் செல்லாது. யாராவது வரி காட்டாமல் அடித்துவிட்டால் மொத்த வகுப்பும் "விரல் எங்கே?" என்று கத்தும். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்துகொண்டேதான் இருக்கிறது.

வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். அடிக்கோடு போடக்கூட அளவுகோல் இல்லாமல் பேனாவைத் தொடமாட்டாள். அதனால் பேரே அளவுகோல்தான். "தங்கை சந்தோஷமாகத் தியாகம் செய்தாள்" என்று முன்வரிசைப் பையன் சொல்லி 'சிரித்தாள்' மேல் விரலையும் வைத்துவிட்டான். அப்போது இவள் எழுந்து, "டீச்சர், நான் போர்டுல ஒண்ணு வரைஞ்சு பாக்கட்டுமா?" என்றாள். உன் கதையில் உள்ளபடியே அறையை வரைந்தாள். மேசை ஜன்னலைப் பார்த்து. நாற்காலி அதே பக்கம். கதவு அண்ணனின் முதுகுக்குப் பின்னால். "நான் எழுதுவதை நிறுத்தவில்லை" என்று உன் வரி. கதவருகே தங்கைக்கு ஒரு குச்சி உருவம் போட்டுவிட்டுத் திரும்பிக் கேட்டாள்: "அண்ணன் திரும்பவே இல்லையே டீச்சர். அப்புறம் அவ சிரிச்சத யாரு பாத்தது?"

அந்தப் படத்தை அழிக்காமலேயே வகுப்பை முடித்தேன்.

மறுவாரம் மாதிரித் தேர்வில் பிள்ளைகள் இதைத்தான் எழுதினார்கள். கூடிப் பேசி ஒரு வாக்கியம் செய்திருந்தார்கள்: "முகத்தைப் பார்க்காமலேயே ஒருவர் மகிழ்ச்சியாக விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வது, எடுத்துக்கொள்கிறவருக்கு வசதியாக இருக்கிறது." நான் முழு மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியை பாடநூல் குழுவின் விடைக்குறிப்பை நீட்டினார். அதில் 'தியாகம்' என்று ஒரே சொல். எல்லா விடைத்தாளையும் என் கையாலேயே திருத்தி, அந்தக் கேள்விக்குச் சுழியம் போடவைத்தார்.

கதை எழுதினவன் நீ. குழுவுக்கு ஒரு வரி எழுதிவிடு: ஆதாரம் காட்டினால் வேறு கருத்தையும் ஏற்கலாம் என்று. பொதுத் தேர்வில் என் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் சில்வண்டு


ஜூலை 20

அன்புள்ள சில்வண்டுக்கு,

பதில் போடவில்லை என்று திட்டியே கடிதத்தைத் தொடங்கும் உன் வழக்கம் மாறவில்லை. சின்ன வயதில் காதுக்குள் ரீங்காரம் போட்டாய், இப்போது தபாலில் போடுகிறாய். அண்ணிக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். (சிரித்ததை நேரில் பார்த்தேன், உன் அளவுகோலிடம் சொல்லிவை.)

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் எந்த விமர்சகன் கண்ணிலும் படாததைப் பிடித்திருக்கிறாள். கைத்தவறுதான். அதற்கென்ன, அடுத்த பதிப்பில் மேசையைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன். அண்ணன் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் கணக்குத் தீர்ந்தது, இரண்டு சொல் மாற்றினால் போதும். அச்சகத்தில் சொல்லியும்விட்டேன்.

ஆனால் கருத்து மாறாதம்மா. அந்தக் கதை தியாகத்தைப் பற்றித்தான். எழுதின எனக்குத் தெரியாதா? நீ எனக்காகச் செய்ததை நான் ஊரறியச் சொல்லவேண்டும் என்றுதான் அதை எழுதினேன். எத்தனை மேடையில் அதை வாசித்து ஜனங்கள் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள் தெரியுமா? உனக்கு நான் கட்டிய கோயில் அது. அதன் செங்கல்லை நீயே உருவச் சொல்கிறாயா?

பரீட்சை என்றால் ஒரு விடை வேண்டும். ஆளுக்கொரு கருத்து எழுதினால் திருத்துகிறவன் என்ன செய்வான்? பிள்ளைகளைக் குழப்பாதே. விடைக்குறிப்பில் உள்ளதைச் சொல்லிக்கொடு. தலைமையாசிரியையிடம் முறைத்துக்கொள்ளாதே, உன் வாய் எனக்குத் தெரியும்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

அன்பு அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

மேசையைத் தொடாதே.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நலம் விசாரிக்கிறேன். கதை அச்சாகி, பிள்ளைகள் படித்து, தப்பு எங்கே என்று கண்டுபிடித்த பிறகு, ஆசிரியர் வந்து மேசை நாற்காலியை நகர்த்துவது என்ன நியாயம்? சீட்டாட்டத்தில் தோற்றவன் சீட்டைக் கலைப்பது மாதிரி இருக்கிறது. நீ சின்ன வயதில் அதையும் செய்திருக்கிறாய்.

இன்னொன்று. அது கைத்தவறு இல்லை. நம் வீட்டு மேசை ஜன்னலைப் பார்த்துத்தான் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் அங்கிருந்து தெரியும். நீ எழுதும்போது கை தானாக நிஜத்தை எழுதிவிட்டது. சிரிப்பைத்தான் நீ பிறகு வைத்தாய்.

கோயில் கட்டினேன் என்கிறாய். கோயிலில் இருக்கிற சிலையிடம் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. உன் கதையைத் திரும்பப் படித்துப் பார். அண்ணன் பேசுகிறான், அப்பா பேசுகிறார், தண்ணீர்க் குழாய்கூட ஒரு வரி சொட்டுகிறது. தங்கைக்கு வாயே இல்லை. சில்வண்டு என்று பேர் வாங்கினவளுக்கு நீ ஒரு 'ம்' கூடக் கொடுக்கவில்லை. இதையும் நான் சொல்லவில்லை, பின்வரிசையில் தூங்குகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒருவன் சொன்னான்.

தலைமையாசிரியை கூப்பிட்டுப் பேசினார். "உங்க அண்ணனே எழுதின கதை, அவரே போட்ட பதில். உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு? இப்படியே போனா அடுத்த வருஷம் பத்தாம் வகுப்ப வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார். அந்த வகுப்பு எனக்குச் சும்மா வரவில்லை என்று உனக்குத் தெரியும். பகலில் துணிக்கடையில் நின்றுகொண்டே படித்து, எல்லோரையும்விடத் தாமதமாக வாத்தியாரானவள் நான். "குடுத்துக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போதே சொன்னதை நினைத்து வருந்தினேன், அது வேறு விஷயம்.

முழங்கால் அப்படியேதான். வகுப்பு மாடியில் இருக்கிறது, ஏறித்தான் ஆகவேண்டும்.

சில்வண்டு


பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

இத்தனை மாதம் நான் எழுதாததற்குக் கோபம்தான் காரணம், ஒளிக்கவில்லை. இப்போது எழுதுவதற்கும் அதே கோபம்தான் காரணம்.

உன் வகுப்பு, குழுவுக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறது. எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அறையின் படம் வரைந்து, "அண்ணன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று தெரிவிக்கவும்" என்று கேட்டிருக்கிறார்கள். குழுக் கூட்டத்தில் அந்தப் படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்ன சார், உங்க தங்கச்சி சிரிச்சாங்களா இல்லையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அப்படிக் கூனிக்குறுகி நின்றதில்லை.

நீ தூண்டிவிட்டாய் என்று நான் சொல்லமாட்டேன். தடுக்கவில்லை என்று சொல்வேன்.

நான் குழுவிடம் சொன்னேன்: கதை நிஜம், தங்கை நிஜம், அவளே சாட்சி. ஆகவே நீ இரண்டு வரி எழுதி அனுப்பு. மனமுவந்துதான் மேசையைக் கொடுத்தேன், அன்று சிரித்துக்கொண்டுதான் நின்றேன் என்று. போதும். அதோடு பேச்சு முடிந்துவிடும். உன் தலைமையாசிரியையிடம் நானே பேசுகிறேன், பத்தாம் வகுப்பு உன்னிடமே இருக்கும். அவர் என் வாசகிதான்.

நீ சிரித்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். அந்த நினைவை வைத்துக்கொண்டுதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

இரண்டு வரிதான் கேட்கிறேன். உன் அண்ணனுக்காக.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

தேர்வு முடிந்தது. இப்போதுதான் உனக்கு எழுத எனக்குத் தெம்பு வந்தது.

உன் இரண்டு வரியை நான் எழுதினேன். ஆமாம், எழுதினேன். 'மனமுவந்து' என்று தொடங்கி, 'சிரித்தேன்' என்று முடித்து, கையெழுத்தும் போட்டேன். அம்மா பேரைச் சொல்லிவிட்டாய், வகுப்பும் என்னிடமே இருக்கும் என்றாய். பத்தாம் வகுப்பை விட எனக்கு மனசில்லை. கடிதத்தை உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். போகிற வழியில் தபால்பெட்டியைத் தாண்டும்போது, திரும்பி வரும்போது போடலாம் என்று நினைத்தேன்.

அன்று கடைசி வகுப்பு. பிள்ளைகளிடம் சொன்னேன்: "பொதுத் தேர்வுல 'மேசை' வந்தா தியாகம்னு எழுதிருங்க. நீங்க கண்டுபிடிச்சது சரிதான். ஆனா மதிப்பெண் போயிரக் கூடாது. நமக்குள்ள தெரிஞ்சாப் போதும்." நான் நிலைமையைச் சமாளிக்கச் சிரித்தும் வைத்தேன்.

அளவுகோல் எழுந்து நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். "டீச்சர், நீங்க இப்ப சிரிச்சீங்க. நாங்க எல்லாரும் பாத்தோம். இந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு வயது பதினைந்து. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு பார்த்தேன். பையிலிருந்து உறையை எடுத்து அவர்கள் முன்னாலேயே கிழித்தேன். என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. "நான் சொன்னத அழிச்சிருங்க. எங்க விரல் வைக்க முடியுதோ அதை எழுதுங்க" என்றேன். பொதுத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. எழுதிவிட்டார்கள். முன்வரிசைப் பையன்கூட. மதிப்பெண் போகும் என்று தெரிந்துதான் எழுதினார்கள். வெளியே வந்து ஒவ்வொருத்தராக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், ஏதோ பரிசு வாங்கினவர்கள் மாதிரி.

இப்போது உனக்கு. நீ கேட்ட சாட்சியை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நான் மேசையைக் கொடுக்கவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்தேன், என் புத்தகங்கள் சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்கு மேல் இருந்தன. அப்பா, "அவன் உக்காந்து படிக்கட்டும்மா, நீ எங்கயாச்சும் படிச்சுக்குவ" என்றார். நான் வந்து கதவருகே நின்றேன். நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. 'திரும்பு, திரும்பு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பியிருந்தால், ஒரு மூலை மட்டும் கொடு, நான் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டிருப்பேன். நீ கொடுத்திருப்பாய் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நீ எழுதுவதை நிறுத்தவில்லை. உன் கதையில் அந்த ஒரு வரி அப்பழுக்கில்லாத உண்மை. பிறகு நான் அலமாரியடியில் நின்றுகொண்டு படித்தேன். தேறினேன், கல்லூரிக்குப் போதுமான அளவுக்குத் தேறவில்லை. துணிக்கடைக்குப் போனேன்.

'நீ சிரித்தாய்' என்கிறாய். 'நினைவிருக்கிறது' என்கிறாய். அண்ணா, விரல் எங்கே?

உன் கதையை எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. நீ படித்ததையும் நான் குறையாக நினைக்கவில்லை. நீ படித்து முன்னுக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான், அதை உன்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் என் சிரிப்பை உனக்கு நான் தரவில்லை. தராததற்கு ரசீது எழுதித் தரமாட்டேன். குழு கேட்டாலும் சரி, நீ கேட்டாலும் சரி, அம்மா எழுந்து வந்து கேட்டாலும் சரி.

தலைமையாசிரியையிடம் எனக்காகப் பேசவேண்டாம். அடுத்த வருடம் எனக்கு ஆறாம் வகுப்பு. சொல்லிவிட்டார்கள். கீழ்த்தளம். முழங்காலுக்கு நல்லது.

உன் தங்கை


ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணி மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "அவர் யார்கிட்டயும் பேசுறதில்ல, நாற்காலிய ஜன்னல் பக்கம் போட்டு உக்காந்துட்டு, என்ன வாசல்ல நிக்கச் சொல்றாரு. நின்னா, 'என் பின்னால நீ என்ன பண்றே'ன்னு கேக்குறாரு. என்னன்னு ஒண்ணும் புரியல" என்று புலம்பினாள். எனக்குப் புரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

நேற்று அளவுகோல் வீட்டுக்கு வந்தாள். மேல்வகுப்புக்குப் போய்விட்டாள், விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்ததில் அந்தக் கேள்விக்குச் சுழியம்தான் வந்ததாம், அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு மிதப்பு. தம்பியின் புதுப் பாடநூலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். புதுப் பதிப்பு. என் மேசைமேல் வைத்துத் திறந்து, 'மேசை' கதையின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

மேசை அதே இடத்தில் இருந்தது. ஜன்னலைப் பார்த்து. நீ நகர்த்தவில்லை. சிரிப்பு இல்லை, வெளிச்சமும் இல்லை. "வாசலில் அவள் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை." அங்கேயே கதை முடிந்துவிட்டது.

பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. அழுதேன். அவள் தன் பையைத் துழாவி எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "டீச்சர், இதுக்கும் பின்னாடி விடைக்குறிப்புல தியாகம்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

பார்த்தேன். ஆமாம், போட்டிருக்கிறது. அதை உன்னால் மாற்றமுடியவில்லையோ, உனக்கு மனம் வரவில்லையோ, தெரியாது. பரவாயில்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆறாம் வகுப்புப் பொடிசுகளுக்கு இப்போதே விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இவர்கள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது உங்கள் குழு என்ன பாடுபடப்போகிறதோ.

ஊருக்கெல்லாம் அச்சடித்துச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதவில்லை நீ. அது எனக்கு வலிக்கிறது. சொல்லாமல் இருக்கமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்றும் எழுதமாட்டேன், நீ கேட்கவில்லை. கேட்டாலும் கடிதத்தில் தரமாட்டேன். நேரில் வா.

வீடு உனக்குத் தெரியும். உள்ளே வந்தால் முதல் அறையிலேயே என் மேசை. வாங்கின நாளிலிருந்து அதைக் கதவைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். யார் வந்து நின்றாலும் நிமிர்ந்து பார்ப்பேன்.

வந்து நில்.

சில்வண்டு